நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன்கள்: நம்பிக்கையும் பிழைப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1686 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இருக்கும் பாஸ்டனில் வாழ்ந்த சாமுவேல் சூவல் என்ற பியூரிட்டன் அன்றைக்குத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்த செய்தி இது: கடுங்குளிரில் திருவிருந்து அப்பம் கல்லாக உறைந்துவிட்டது, அதைப் பிட்டுத் தட்டில் போட்டபோது கடகடவென்று சத்தம் கேட்டது. பியூரிட்டன்களின் ஆலயத்தில் கணப்பு வைக்கும் வழக்கம் கிடையாது. அந்தக் குளிரில் மணிக்கணக்காகப் பிரசங்கம் கேட்ட அதே ஆட்கள்தான் மறுநாள் விடிந்ததும் மாட்டுக்குப் புல் போட்டார்கள், பீப்பாய் செய்தார்கள், கப்பலில் மீன் ஏற்றினார்கள், கடன் கணக்கு எழுதினார்கள். இந்த ஞாயிற்றையும் திங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது. நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை வைத்தே இதை எழுதுகிறேன்.

பியூரிட்டன் என்றால் யார்? தனி மதமா?

தனி மதம் இல்லை, புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்தான். எட்டாம் ஹென்றி 1534-ல் இங்கிலாந்துச் சபையை ரோமிலிருந்து பிரித்துவிட்டாலும் பழைய வழக்கங்கள் பல அப்படியே தங்கிவிட்டன. ஆயர்களின் அதிகாரம், குருமார் அங்கி, அச்சடித்த ஜெபப் புத்தகம், மண்டியிட்டு அப்பம் வாங்குவது எல்லாம் இருந்தன. விவிலியம் சொல்லாத எதுவும் வழிபாட்டில் இருக்கக்கூடாது, சபையை இன்னும் சுத்தம் செய்யவேண்டும் என்று ஒரு கூட்டம் விடாமல் வாதாடியது. ‘தூய்மை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்து எதிரிகள் சூட்டிய கேலிப்பெயர்தான் பியூரிட்டன். அவர்கள் தங்களை தேவபக்தியுள்ளவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தமிழில் தூய்மைவாதிகள் என்றும் எழுதுவார்கள்.

மேஃப்ளவர் கப்பலில் வந்த பில்கிரிம்களும் இவர்களும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றில்லை. 1620-ல் மேஃப்ளவரில் 102 பேர் பிளிமத்துக்கு வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்துச் சபையைச் சீர்திருத்த முடியாது என்று முடிவுகட்டி அடியோடு வெளியேறியவர்கள், அதற்கு முன்பு சில வருடம் ஹாலந்தில் லைடன் நகரில் இருந்தவர்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போனார்கள். பியூரிட்டன்கள் என்று நாம் பொதுவாகச் சொல்வது 1630-ல் ஆர்பெல்லா கப்பலோடு சேர்ந்து பல கப்பல்களில் வந்து பாஸ்டனை நிறுவிய மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் கூட்டத்தை. அந்த வருடம் மட்டும் வந்தவர்கள் சுமார் 1,000 பேர், தலைவர் ஜான் வின்த்ரோப் என்ற வழக்கறிஞர். தாய்ச் சபையை விட்டுப் பிரிந்ததாக அவர்கள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. பிளிமத் சின்ன ஊராகவே இருந்து 1691-ல் மாசச்சூசெட்ஸோடு சேர்ந்துவிட்டது.

மதச் சுதந்திரத்துக்காகத்தானே அமெரிக்கா போனார்கள்?

தங்கள் மதத்துக்கான சுதந்திரத்துக்காக. எல்லோருக்குமான சுதந்திரம் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை, அப்படி ஒன்றைத் தருவதாக அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. முதலாம் சார்லஸ் மன்னரும், 1633-ல் கேன்டர்பரிப் பேராயரான வில்லியம் லாடும் பியூரிட்டன் போதகர்களை நெருக்கினார்கள், பலருக்கு மேடை பறிபோனது. அதோடு கிழக்கு இங்கிலாந்தில் துணி நெசவு படுத்துக் கிடந்தது. 1630-லிருந்து 1640 வரை சுமார் 20,000 பேர் கடல் தாண்டினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் நடுத்தரக் குடியானவர்கள், நெசவாளர்கள், கைத்தொழிலாளர்கள். பொண்டாட்டி பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் தனி இளைஞர்கள்தான் அதிகம். இங்கே பிறப்பு விகிதம் ஏறியதற்கும், வந்த இடத்தில் சீக்கிரமே ஊர், பள்ளி, நீதிமன்றம் என்று வேர் பிடித்ததற்கும் இந்த வித்தியாசம் பெரிய காரணம்.

‘மலையின்மேல் இருக்கிற பட்டணம்’ என்று மத்தேயு சுவிசேஷத்தில் வரும் வரியை வின்த்ரோப் 1630 பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னதைப் பெருமைப் பேச்சாக இன்றைக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். முழுவதும் வாசித்தால் அதில் பயம்தான் தெரிகிறது. உலகம் முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கடவுளோடு செய்த உடன்படிக்கையில் நாம் தவறினால் ஊர் சிரிக்கும், அவர் கோபம் நம்மேல் விழும் என்பதுதான் அவர் சொன்னது.

அவர்கள் நம்பிக்கையின் அடிப்படை என்ன?

முன்குறித்தல். ஜான் கால்வின் என்ற புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதியிடமிருந்து வந்த போதனை. யார் இரட்சிக்கப்படுவார், யார் நரகத்துக்குப் போவார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார், மனிதன் செய்யும் நற்செயல் எதுவும் அதை மாற்றாது. கிருபை கிடைத்தால் கிடைத்தது.

எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் எதற்காக அவ்வளவு உழைத்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை, கேட்கவேண்டிய கேள்வியும்தான். தான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்பது எவனுக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதைத் தாங்கவும் முடியாது. அதனால் அறிகுறி தேடினார்கள். மனதுக்குள் தேடினார்கள், நாட்குறிப்பு எழுதி ஒவ்வொரு நாளின் சோம்பலையும் கோபத்தையும் பொறாமையையும் எண்ணிப் பார்த்தார்கள். வாழ்க்கையிலும் தேடினார்கள். ஒவ்வொருவருக்கும் கடவுள் ஒரு வேலையைக் கொடுத்து அழைத்திருக்கிறார் என்பது அவர்களுடைய உறுதியான எண்ணம். போதகரின் ஊழியம் எவ்வளவு பரிசுத்தமோ செருப்புத் தைப்பதும் அவ்வளவு பரிசுத்தம். நேர்மையாக, அளவோடு, விடாமல் வேலை செய்கிறவனிடம் கிருபையின் அடையாளம் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். அந்த ‘லாம்’ ஒரு மனிதனை ஆயுள் முழுக்கத் தூங்கவிடாமல் செய்யும்.

மழை பொய்த்தால், அம்மை வந்தால், கப்பல் முழுகினால் ஊரே சேர்ந்து உபவாச நாள் அறிவித்து, நாம் என்ன பாவம் செய்தோம் என்று யோசித்தது. நல்லது நடந்தால் நன்றி நாள். 1660-களில் கோதுமையில் துருநோய் விழுந்து பயிர் கருகியபோதும் அதைக் கடவுள் கொடுத்த தண்டனையாகத்தான் பார்த்தார்கள். மாற்றாக மக்காச்சோளத்தையும் கம்புப்புல் போன்ற ரை தானியத்தையும் நம்பிப் பயிரிட்டார்கள். ஒரு கையில் ஜெபம், இன்னொரு கையில் மண்வெட்டி.

சபையில் யார் வேண்டுமானாலும் சேரலாமா?

பிரசங்கம் கேட்க எல்லோரும் வரவேண்டும், வராவிட்டால் அபராதம். ஆனால் உறுப்பினராக வேண்டுமென்றால், 1630-களின் நடுவிலிருந்து, தன் உள்ளத்தில் கடவுள் எப்படிச் செயல்பட்டார் என்பதைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லவேண்டும், கேட்பவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். மாசச்சூசெட்ஸில் 1631-லிருந்து சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே குடியேற்றத் தேர்தலில் வாக்கு என்பதால் இது அரசியல் கதவும்கூட. அதே நேரத்தில் போதகர்கள் அரசுப் பதவி வகிக்கவில்லை. திருமணத்தை நடத்தி வைத்தவர் நீதிபதி, போதகர் இல்லை. விவிலியத்தில் திருமணத்துக்குச் சடங்கு சொல்லப்படவில்லை என்பது அவர்கள் வாதம், அதனாலேயே விவாகரத்துக்கும் வழி இருந்தது.

பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்தச் சாட்சி சொல்ல ஆள் குறைந்தது. 1662-ல் ‘பாதிவழி உடன்படிக்கை’ என்று ஒரு ஏற்பாடு செய்து, சாட்சி சொல்லாதவர்களின் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க இடம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்? கிறிஸ்துமஸைத் தடை செய்தது உண்மையா?

ஓய்வுநாள் சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டையும் முடித்துவிடவேண்டும். மண்சட்டியில் அவரை விதை, உப்புப் பன்றிக்கறி போட்டு அடுப்பறைச் சூட்டில் இரவெல்லாம் வேகவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிட்டார்கள். பாஸ்டனுக்கு இன்றைக்கும் இருக்கும் ‘அவரை நகரம்’ என்ற பெயருக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. காலையிலும் மதியமும் பிரசங்கம். சிலுவை, சிலை, வண்ணக் கண்ணாடி, இசைக்கருவி எதுவும் கிடையாது, சங்கீதங்களை வெறும் குரலில் பாடினார்கள்.

கிறிஸ்துமஸ் தடை உண்மைதான். 1659-ல் மாசச்சூசெட்ஸில் சட்டம் போட்டார்கள், கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம், 1681-ல்தான் நீக்கினார்கள். டிசம்பர் 25 என்று விவிலியத்தில் எங்கேயும் இல்லை, அந்த நாளில் இங்கிலாந்தில் நடந்த குடியும் சூதாட்டமும் பக்திக்கு அவமானம் என்பது அவர்கள் காரணம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

முதலில் பட்டினி கிடந்தார்கள். 1630 கோடையில் வந்திறங்கியவர்களில் டிசம்பருக்குள் சுமார் 200 பேர் இறந்தார்கள். கல்லும் மலையுமான மண், நீண்ட பனிக்காலம். அங்கே உயிரைப் பிடித்து வைத்தது பூர்வகுடிகளின் மக்காச்சோளம். பிளிமத்தில் டிஸ்குவாண்டம் என்பவர் கற்றுக்கொடுத்தபடி, மண்ணைக் குவித்து மேடாக்கி மீனை உரமாகப் புதைத்து விதைத்தார்கள். கூடவே அவரையும் பூசணியும். ரை மாவையும் சோளமாவையும் கலந்து சுட்ட கனத்த பழுப்பு ரொட்டிதான் அன்றாட உணவு, அதோடு பட்டாணிக் கஞ்சி, பால், வெண்ணெய், சீஸ், பன்றிக்கறி. தண்ணீரை விட பீரும் ஆப்பிள் சைடரும் குடித்தார்கள், குழந்தைகளும்தான். குடிப்பது பாவமில்லை, குடித்து நிலை தடுமாறுவதுதான் பாவம்.

புகையிலை, கரும்பு மாதிரி ஏற்றுமதிக்கான ஒற்றைப்பயிர் அங்கே விளையவில்லை. ஒவ்வொரு குடும்பமும் கொஞ்சம் சோளம், கொஞ்சம் மாடு, கொஞ்சம் பன்றி, ஒரு பழத்தோட்டம், பக்கத்தில் ஒரு கைத்தொழில் என்று பலதையும் சேர்த்துத்தான் பிழைத்தது. கடலோரச் சதுப்பில் தானாக விளையும் உப்புப்புல்லை அறுத்து மாட்டுக்கு வைத்தார்கள், உழவே வேண்டாம் என்பதால் அந்தச் சதுப்புக்குப் பெரிய மதிப்பு.

நிலம் எப்படிக் கிடைத்தது?

அரசாங்கம் தனி ஆளுக்குக் கொடுக்காமல் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தது, அவர்கள் ஊர் அமைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். நடுவில் ஆலயம், அது ஊர்க்கூட்டம் நடக்கும் மன்றமும்கூட. சுற்றி வீட்டுமனைகள், வெளியே வயல் துண்டுகள், பொது மேய்ச்சல் நிலம், விறகுக்காடு. குடும்பத்தின் அளவையும் அந்தஸ்தையும் பார்த்துப் பங்கு, சமபங்கு கிடையாது. வேலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள், பன்றிகள் பயிரை மேயாமல் பார்க்க ஒரு ஆள் என்று ஊர்க்கூட்டம் வருடாவருடம் நியமிக்கும்.

அந்தப் பன்றி விஷயத்தைச் சிறிதென்று நினைக்கவேண்டாம். பாஸ்டனில் ஷெர்மன் என்ற எளிய குடும்பத்துப் பெண், தன் பன்றியை ராபர்ட் கீன் என்ற பணக்கார வணிகர் பிடித்து அறுத்துவிட்டார் என்று தொடுத்த வழக்கு, மக்கள் பிரதிநிதிகளையும் மேல்தட்டு நீதிபதிகளையும் இரண்டு அணியாகப் பிரித்துவிட்டது. அந்தச் சண்டையின் முடிவில் 1644-ல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றமே இரண்டு அவைகளாகப் பிரிந்தது.

மீன்பிடி முக்கியமான தொழிலா?

மிக முக்கியம். காட் என்ற மீன், அதையும் கருவாடாக்கி விற்றார்கள். மாசச்சூசெட்ஸின் மார்பிள்ஹெட், கிளாஸ்டர், சேலம் கரைகளில் படகு வந்ததும் வேலை தொடங்கும். ஒருவர் தலையை வெட்டிக் குடலை எடுப்பார், அடுத்தவர் முதுகெலும்பை உருவி மீனைப் புத்தகம் மாதிரி விரிப்பார், மூன்றாமவர் உப்புப் போடுவார். உப்பு கூடினால் மீன் எரிந்து உடையும், குறைந்தால் அழுகும், கை பழகியவரிடம்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். பிறகு குச்சிகளைப் பரப்பிய இடுப்பளவுப் பரண்களில் காயப்போட்டு, மழை வந்தாலும் இருட்டினாலும் தோல்புறம் மேலே வரும்படி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடவேண்டும். காய்ந்ததைத் தரம் பிரிப்பார்கள். நல்ல மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது, அங்கே கத்தோலிக்கர்கள் விரத நாட்களில் இறைச்சிக்குப் பதில் அதைச் சாப்பிட்டார்கள். உடைந்ததும் கெட்டதும் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளுக்குப் போனது. இந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

மீனவர் எல்லோரும் பக்திமான்கள் இல்லை. வடகிழக்குக் கரையில் ஒரு போதகர், நீங்கள் இங்கே வந்ததன் நோக்கமே மதம்தான் என்று பிரசங்கித்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து எங்கள் நோக்கம் மீன் பிடிப்பது என்று சொன்னதாக போதகர் காட்டன் மேதரே எழுதி வைத்திருக்கிறார். 1784-லிருந்து பாஸ்டன் சட்டமன்றத்தில் மரத்தில் செதுக்கிய காட் மீன் ஒன்று தொங்குகிறது.

வேறு என்ன தொழில் இருந்தது?

1640-ல் ஒரு பெரிய அடி விழுந்தது. இங்கிலாந்தில் உள்நாட்டுப்போர் நெருங்க, புதிதாக வருபவர்கள் நின்றுவிட்டார்கள். அதுவரை புதுக் குடியேறிகளுக்கு மாடும் தானியமும் விற்றே பழையவர்கள் வாழ்ந்தார்கள், அதனால் 20 பவுண்டுக்குப் போன பசு 5 பவுண்டுக்கு இறங்கியது. அப்புறம்தான் கடல் வணிகத்தில் முழுமூச்சாக இறங்கினார்கள். கப்பல் கட்டுவது 1631-லேயே தொடங்கியிருந்தது, மிஸ்டிக் ஆற்றில் வின்த்ரோப் கட்டிய கப்பலுக்கு ‘விரிகுடாவின் ஆசீர்வாதம்’ என்று பெயர். பாய்மரத்துக்கான பைன் மரம், பீப்பாய்ப் பலகை, மாடு, குதிரை, வெங்காயம் எல்லாம் தெற்கே போனது, சர்க்கரையும் வெல்லப்பாகும் திரும்பி வந்தது. சாகஸ் என்ற இடத்தில் 1646-லிருந்து இரும்பாலை ஓடியது. 1650 டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகள் சிலரை அங்கே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். கனெக்டிகட் ஆற்றங்கரையில் பீவர் தோல் வணிகம். கையில் காசு இல்லாததால் பூர்வகுடிகளின் சிப்பி மணிகளையும் சோளத்தையும் பணமாகப் பயன்படுத்திவிட்டு, 1652-ல் ஜான் ஹல் என்ற தட்டாரை வைத்து வெள்ளி நாணயம் அடித்தார்கள். பிறகு எத்தனை வருடம் அடித்தாலும் பெரும்பாலும் அதே 1652-ஐத்தான் பொறித்தார்கள்.

லாபம் சம்பாதிப்பது பாவமா, பாக்கியமா?

இரண்டுக்கும் நடுவில் தவித்தார்கள். பன்றி வழக்கில் வந்த அதே ராபர்ட் கீனை 1639-ல் அதிக விலைக்கு விற்றதற்காக நீதிமன்றத்துக்கு இழுத்து 200 பவுண்டு அபராதம் போட்டார்கள். சபையும் விசாரித்தது, அவர் எல்லோர் முன்னாலும் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்து போதகர் ஜான் காட்டன், முடிந்த மட்டும் கூட்டி விற்கலாம், முடிந்த மட்டும் குறைத்து வாங்கலாம் என்பதே பொய்யான கொள்கை என்று பிரசங்கித்தார். சந்தையில் நமக்கு எவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் கொள்கை அது! கீன் அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. 1653-ல் உயில் எழுத உட்கார்ந்தவர் 150 பக்கத்துக்கும் மேலே எழுதித் தன் நேர்மைக்காக வாதாடினார், அதே உயிலில் பாஸ்டனுக்கு ஒரு பொதுமண்டபம் கட்டப் பணமும் வைத்தார். விடாமல் உழை, சிக்கனமாக இரு என்று சொன்ன நம்பிக்கை பணத்தையும் சேர்த்துக் கொடுத்தது, சேர்ந்த பணத்தைப் பார்த்து நடுங்கவும் வைத்தது.

பெண்களின் நிலை?

சபையில் பேசக்கூடாது, வாக்கு கிடையாது, கணவன் தலை. ஆனால் வீடு என்பது அன்றைக்குத் தொழிற்சாலை. வெண்ணெய் கடைவது, பீர் காய்ச்சுவது, நூல் நூற்பது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, கோழி, தோட்டம், பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில். கணவன் கடலுக்குப் போனால் கடன் வசூலிப்பதும் நிலத்தைப் பார்ப்பதும் அவளே. ஏழு எட்டுப் பிள்ளைகள் சாதாரணம். 1641 சட்டத் தொகுப்பில், தற்காப்புக்குத் தவிர மனைவியைக் கணவன் அடிக்கக்கூடாது என்று எழுதினார்கள்.

ஆன் பிராட்ஸ்ட்ரீட் எட்டுப் பிள்ளை பெற்றவர், கவிஞர். அவருடைய கவிதைகள் 1650-ல் லண்டனில் நூலாக வந்தன. 1666-ல் வீடு எரிந்தபோது எழுதிய கவிதையில், எல்லாம் கடவுளுடையது என்று தன்னைத் தேற்றிக்கொண்டே, எரிந்த மேசையையும் பெட்டியையும் இனி விருந்தாளி உட்காராத கூரையையும் எண்ணி எண்ணி அழுகிறார். பியூரிட்டன் மனசை அறிய அந்த ஒரு கவிதை போதும் என்று நான் சொல்வேன்.

படிப்புக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

ஒவ்வொருவரும் விவிலியத்தைத் தானே வாசிக்கவேண்டும், வாசிக்கத் தெரியாதவனை சாத்தான் சுலபமாக ஏமாற்றுவான் என்பதால். 1647 சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: 50 குடும்பம் உள்ள ஊர் எழுத்தும் வாசிப்பும் சொல்லித்தர ஆசிரியர் வைக்கவேண்டும், 100 குடும்பமானால் இலக்கணப் பள்ளி. போதகர்களை உருவாக்க 1636-லேயே, அதாவது கரையேறி ஆறு வருடத்தில், ஹார்வர்டைத் தொடங்கிவிட்டார்கள். 1640-ல் பாஸ்டன் அருகே உள்ள கேம்பிரிட்ஜில் அச்சான சங்கீதப் புத்தகம்தான் ஆங்கிலேய வட அமெரிக்காவில் அச்சான முதல் நூல்.

பூர்வகுடிகளை எப்படி நடத்தினார்கள்?

இங்கே எதையும் மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1616-லிருந்து 1619 வரை வந்த கொள்ளைநோயில் கடலோர ஊர்கள் காலியாகிவிட்டன. மேலே சொன்ன டிஸ்குவாண்டம் 1614-ல் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு, தப்பித்து 1619-ல் ஊர் திரும்பியபோது அவருடைய ஊரில் ஒருவரும் உயிரோடு இல்லை. அந்த வெறுமையைக் கடவுள் தங்களுக்கு இடம் ஒதுக்கியதாகக் குடியேறிகள் எடுத்துக்கொண்டார்கள். 1637 மே 26-ல் கனெக்டிகட்டில் அதே பெயருள்ள வேறொரு மிஸ்டிக் ஆற்றருகே பீக்வாட் மக்களின் கோட்டைக் கிராமத்துக்குத் தீ வைத்து, தப்பி ஓடியவர்களைச் சுட்டு, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள், அதற்கு நன்றி ஜெபமும் செய்தார்கள்.

ஜான் எலியட் என்ற போதகர் வேறு வழியில் போனார். பூர்வகுடிகளின் மொழியைக் கற்று 1663-ல் முழு விவிலியத்தையும் அதில் அச்சிட்டார், அமெரிக்கக் கண்டத்தில் எந்த மொழியிலும் அச்சான முதல் விவிலியம் அதுதான். எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தவரான ஜேம்ஸ் பிரிண்டர். ஆனால் 1675-ல் மெட்டகாம் என்ற பூர்வகுடித் தலைவரின் தலைமையில் குடியேறிகளுக்கு எதிராகப் போர் வெடித்ததும், மதம் மாறியிருந்த அந்த மக்களையே டீர் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள், பலர் குளிரிலும் பசியிலும் செத்தார்கள். 1676-ல் மெட்டகாமைக் கொன்று தலையைப் பிளிமத்தில் கழியில் செருகி வைத்தார்கள். பிடிபட்ட அவருடைய சின்ன மகனைக் கொல்வதா வேண்டாமா என்று போதகர்கள் வசனம் காட்டி விவாதித்து, கடைசியில் அடிமையாக விற்றார்கள்.

ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்களா?

இருந்தார்கள். 1638-ல் ‘டிசையர்’ என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தது, போகும்போது பீக்வாட் கைதிகளை ஏற்றிப்போன கப்பல் அது. வளர்ப்பு மிருகங்களைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்று எழுதிய அதே 1641 சட்டத் தொகுப்பு, போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்ட அந்நியர்களையும் அடிமையாக வைக்க இடம் கொடுத்தது. தென்பகுதி மாதிரி எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் அவர்களுடைய மீனையும் மரத்தையும் நிறைய வாங்கியவை அடிமைத் தோட்டங்கள்தான். 1700-ல் நியூ இங்கிலாந்தில் அடிமை முறையை எதிர்த்து முதல் சிறு நூலை எழுதியவர் நாம் தொடக்கத்தில் பார்த்த சாமுவேல் சூவல்.

கருத்து வேறுபட்டால் என்ன செய்வார்கள்?

துரத்துவார்கள். மன்னருக்குப் பூர்வகுடிகளின் நிலத்தைத் தூக்கிக் கொடுக்க உரிமையில்லை, மனசாட்சியில் அரசு தலையிடக்கூடாது என்று சொன்ன ரோஜர் வில்லியம்ஸை 1635-ல் நாடு கடத்த உத்தரவிட்டார்கள், அவர் 1636-ல் பிராவிடென்ஸ் ஊரை நிறுவினார். வீட்டில் கூட்டம் நடத்திப் போதகர்களை விமர்சித்த ஆன் ஹட்சின்சன் 1637-ல் விசாரிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். குவேக்கர்கள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினருக்கு அதைவிட மோசம், தடையை மீறித் திரும்பத் திரும்ப வந்த நால்வரை 1659-லிருந்து 1661-க்குள் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள், அவர்களில் மேரி டையர் என்ற பெண்ணும் ஒருவர்.

சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களா?

யாரையும் எரிக்கவில்லை. 1692-ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்கை எதிர்கொள்ள மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள், சிறையில் இன்னும் சிலர் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150 பேருக்கு மேல். இன்னாருடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது என்று சிறுமிகள் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றதுதான் பெரிய கேடு. ஒத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், நான் செய்யவில்லை என்று நின்றவர்கள் செத்தார்கள், பொய் சொல்லிப் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று அந்த மக்கள் நம்பியதும் அதே பக்தியால்தான்.

அந்த நீதிபதிகளில் சூவலும் ஒருவர். 1697 ஜனவரி 14, உபவாச நாள். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் போதகர் வாசிக்க, சபை முழுக்கப் பார்க்க அவர் எழுந்து நின்றார். குற்றமும் வெட்கமும் என்னுடையது, மன்னிப்புக் கேட்கிறேன் என்பது அந்தத் தாளில் இருந்தது. அந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயரில் மட்டும் தண்டனை நீக்கப்படாமலே கிடந்தது, ஒரு பள்ளி வகுப்பு மாணவர்கள் எடுத்த முயற்சியால் 2022-ல்தான் சட்டப்படி அவர் விடுவிக்கப்பட்டார்.

எப்போதும் கறுப்பு உடைதான் போட்டார்களா?

இல்லை. நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம், அதனால் கறுப்பு விசேஷத்துக்கும் பெரிய மனிதர்களுக்கும். மற்ற நாளில் பழுப்பு, செம்மண் நிறம், கரும்பச்சை, நீலம். 1651 சட்டப்படி 200 பவுண்டு சொத்து இல்லாதவர்கள் தங்கச் சரிகை போடக்கூடாது.

தமிழர்களுக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர், சின்ன வயதிலேயே இங்கிலாந்து போய்விட்டார், பியூரிட்டனாக வாழவும் இல்லை. 1687-லிருந்து 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும் சொத்துச் சேர்த்தார். கனெக்டிகட் போதகர்கள் 1701-ல் தொடங்கிய கல்லூரிக்குப் பணம் தேவைப்பட்டபோது காட்டன் மேதர் அவருக்குக் கடிதம் எழுத, 1718-ல் அவர் அனுப்பிய சரக்குப் பொதிகளை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. யேல் என்ற பெயர் அப்படி வந்தது. இதே மேதர் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவுக்கும் கடிதம் எழுதினார், அந்தக் கடிதப் போக்குவரத்தை 1721-ல் பாஸ்டனில் நூலாக அச்சிட்டார்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் நெருக்கம். பியூரிட்டன் சபைகளின் நேர் வாரிசுகளான காங்கிரகேஷனல் சபையார் 1810-ல் மாசச்சூசெட்ஸில் அமைத்த மிஷன் அமைப்பிலிருந்து 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார்கள். வந்து முதலில் செய்த வேலை, அவர்களுடைய முப்பாட்டன்மார் செய்ததுபோலவே, பள்ளி திறந்தது. 1823-ல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824-ல் உடுவில் பெண்கள் பள்ளி, 1841-ல் ‘உதயதாரகை’ பத்திரிகை. தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தது அந்த வட்டுக்கோட்டையில்தான்.